ஐந்து தடம் விழுந்த கொழுக்கட்டை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ராஜபாளையத்தில் பையன்களுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன், ஆதாரம் இல்லாத எதையும் ஏற்றதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

எண்பதுகளின் கடைசியில், செண்பகத்தோப்புப் பக்கம் கிணறு தோண்டிய இடத்தில் முதுமக்கள் தாழி ஒன்று வந்தது. பக்கத்தில் ஒரு சட்டி, அடியெல்லாம் துளை. மண்ணில் கிடைப்பதைத் தொடக்கூடாது என்று பாடம் நடத்திய நானே அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது தப்பு, இன்றும் உறுத்துகிறது. ஆதிகாலத்து ஜனங்கள் இதைப் பானைமேல் வைத்து ஆவியில் அவித்துத் தின்றார்கள் என்றேன், வீட்டில் சிரித்தார்கள். நிரூபித்துக் காட்ட எனக்கு மகளைப் பெண் பார்க்க வந்த நாள்தான் கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தம், விட்டுவிட முடியாத இடம். பெண் பிடித்த பிடி கொழுக்கட்டை வேண்டும், விரல் தடத்தைப் பார்த்தே பக்குவம் சொல்லிவிடுவேன் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியிருந்தார். என் மகள் பிடித்தால் மாவு உதிரும். அதனால் மனைவி பிடித்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள், பெயர் மட்டும் மகளுக்கு. அந்த நேரம் பார்த்து நான் இட்லிக் கொப்பரையை ஒதுக்கிவிட்டு, என் சட்டியில் அத்தனையையும் அடுக்கி அவித்துவிட்டேன்.

அந்த அம்மாள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுக்கட்டை பிடித்தால் நான்கு விரல் தடம்தானே விழும்? தட்டில் இருந்த எல்லாவற்றிலும் ஐந்து, அதுவும் குழந்தைக் கை மாதிரிச் சின்னதாக. மகளின் கையை இழுத்து வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை.

"மதினி, உள்ளதச் சொல்லுங்க. அடுப்படியில வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல மதினி, நாந்தான் பிடிச்சேன்" என்று மனைவி உளறிவிட்டு, தன் கையையும் வைத்துப் பார்த்தாள். அதுவும் பொருந்தவில்லை.

போயிற்று சம்பந்தம் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மாள் ஒரு கடி கடித்தார், முழுதும் தின்றார், இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

"மாவு பிடிக்க எங்க வீட்டுல வந்து படிச்சுக்கிடட்டும். இத அவிச்ச சட்டிய மட்டும் சீரோட அனுப்பிராதிய."

நான் சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மறுநாளே அதை எடுத்த கிணற்றடியிலேயே புதைத்துவிட்டு வந்தேன். கல்யாணமும் நன்றாக நடந்தது. மகள் இப்போது வரும்போதெல்லாம் தானே பிடித்து, குக்கரில் அவித்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவருகிறாள். அதில் எப்போதும் ஒன்றில் மட்டும் ஐந்து தடம். மனைவி தொடமாட்டாள், நான்தான் தின்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் ருசியாக இருக்கிறது. எனக்குப் பயமே அதுதான்.