கூந்தல் தைலப் புட்டியில் ஒரு முகம்

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டையில் என் கணவர் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். படங்களுக்கு வர்ணம் தீட்டுவதும் அட்டையில் ஒட்டுவதும் என் வேலை. வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் நல்ல படங்களாகப் பார்த்து வைப்போம். அன்னவாசல் பக்கத்துப் பெண் ஒருத்தியின் படமும் அதில் இருந்தது. நீண்ட பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றிருந்தாள். அவளையும் அவள் அம்மாவையும் கேட்டுத்தான் வைத்தோம்.

ஒருநாள் காலையில் அந்த அம்மா மட்டும் வந்தார். முந்தானையில் சுற்றியிருந்த கூந்தல் தைலப் புட்டியை மேசைமேல் வைத்தார். லேபிளில் அவர் மகள். எங்கள் திரைச்சீலைகூடப் பின்னால் தெரிந்தது.

“இலுப்பூர்ல சம்பந்தம் பேசி வச்சிருக்கோம். அவுக சந்தையில இதப் பாத்துட்டு, பொண்ணு படத்த வித்துட்டீகளான்னு கேட்டு விட்டுட்டாக. எம் மக சோறு தண்ணியில்லாமக் கெடக்கா. நீங்க குடுத்தீங்களா?”

என் கணவர் புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “சாமி சத்தியமா இல்லீங்கம்மா.”

லேபிளில் இருந்த விலாசத்தைப் பார்த்து, அன்றே பஸ் ஏறித் திருச்சிக்குப் போனார். யாரோ ஒரு ஏஜெண்டு கொண்டுவந்த படம் என்றாராம் தைலக்காரர். அந்த ஏஜெண்டு எங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரில் நின்று, படத்தையே படம் பிடித்துப் போயிருக்கிறான். “ஒங்க படம்னு இதுல எங்க எழுதியிருக்கு?” என்றும் தைலக்காரர் கேட்டிருக்கிறார். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம்; அதற்கு வெளியே இருப்பவரை எங்கள் ஊர்க் கோர்ட்டுக்கு இழுப்பது லேசில்லை. அச்சடித்த லேபிள் தீர்ந்ததும் வேறு படம் போடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. “ஏங்க, நாமளே இலுப்பூருக்குப் போயி நடந்தத சொல்லிருவோம்” என்றேன்.

போனோம். மாப்பிள்ளையின் அம்மாவிடம் எங்கள் படத்தையும் புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“எவனோ களவாண்டதுக்கு இந்தப் புள்ள என்ன செய்யும்? அதப் பட்டினி கெடக்க வேணாம்னு சொல்லுங்க” என்றார். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் உடனே சம்மதிக்கவில்லை. நெல் அறுப்பு முடிந்த பிறகுதான் சரி என்றார்.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண்ணின் படத்தைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, மற்றப் படங்களின் குறுக்கே வெள்ளை மையால் ஸ்டுடியோ பெயரை எழுத ஆரம்பித்தேன்.

“ஏ புள்ள, எல்லாருக்கும் நாமம் போட்ட மாதிரி இருக்கே! மூலையில எழுதக் கூடாதா?” என்றார் என் கணவர்.

“மூலையில எழுதுனா வெட்டிப்புட்டு மிச்சத்தப் போட்டுக்குவான். இது பாக்க வைக்கிற படந்தானே? வாங்குறவுகளுக்கு எழுத்தில்லாமக் குடுப்போம்.”

வந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் காரணம் கேட்டுவிட்டு, தங்கள் வீட்டுப் பெண்களின் படத்தில் இன்னும் பெரிதாக எழுதச் சொன்னார்கள்.

கல்யாணமான பின் அந்தப் பெண் தன் கணவனோடு படம் எடுத்துக்கொள்ள வந்தாள். வெளியே வைக்கலாமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவளே மெதுவாக, “இத எங்க வீட்டுல மட்டும் வச்சுக்கிறோம்க்கா” என்றாள். என் கணவர் படத்தோடு, மறுபடி பிரதி போட உதவும் நெகட்டிவ் கண்ணாடியையும் பழைய துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

“பாத்துத் தூக்கிட்டுப் போம்மா, ஒடஞ்சிரும்” என்றார்.