வராத பஸ்ஸும் சீனு அண்ணன் பாட்டும்

ஷேர் ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பாட்டு முதலில் குதிகாலில் ஏறி, முழங்காலைக் குலுக்கி, அதற்குப் பிறகுதான் காதுக்கு வரும். பன்னிரண்டு வயதில், அந்தப் பெட்டியிலிருந்து ஓயாமல் வந்த ஒரு கானாப் பாட்டை நான் அப்படி வெறுத்தேன்.

அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீடுகளை இடித்துவிட்டு, பெருங்குடியையும் தாண்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களை இறக்கிவிட்ட வருடம் அது. அம்மா மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்தாள், என் பள்ளிக்கூடமும் அங்கேதான். புது இடத்திலிருந்து முதல் பஸ்ஸோ ஆறே முக்காலுக்கு, அதுவும் வந்தால் உண்டு, ஷேர் ஆட்டோக்கள் அதற்கும் பிறகுதான். மூன்றாவது வாரமே ஒரு வீட்டு மாமி, "ஏழரைக்கு நான் ஆபீஸ் கெளம்பணும், நீ எட்டரைக்கு வந்துண்டிருந்தா எனக்கு எப்படிம்மா சரிப்படும்?" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. மாதம் முடிவதற்குள் இரண்டு வீட்டு வேலை போயிற்று.

சீனு அண்ணன் எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடி. சாவு வீடுகளில் கானா பாடுகிறவர். ஒரு காரியத்தில் அந்த வராத பஸ்ஸைப் பற்றி அவர் பாட, யாரோ அதை செல்போனில் பதிவு செய்ய, மெமரி கார்டு விட்டு மெமரி கார்டு தாவி, ஷேர் ஆட்டோ ஸ்பீக்கர்கள், தி. நகர் செல்போன் கடைகள் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. வகுப்பில் எனக்கு "வராத பஸ்ஸு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் அழுதுகொண்டு வந்து சொன்னபோது அம்மா வெங்காயம் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை. "அவன் இன்னாத்த பொய்யா பாடிட்டான்?" என்றாள்.

அந்தப் பாட்டில் ஓர் அடி வரும்: "டைமு எழுதுன மவராசா, உன் வூட்டுல கடியாரம் கீதா?" அதுவரை பஸ் என்பது மழை மாதிரி, வந்தால் வரும் என்று நினைத்திருந்தேன். எங்கேயோ ஒரு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, ஆறே முக்கால் என்று எழுதியிருக்கிறார், அவர் நினைத்திருந்தால் ஐந்து பத்து என்றும் எழுதியிருக்கலாம் என்பது அந்த அடியால்தான் எனக்கு உறைத்தது. அந்த ஆளின் மேல் வந்த கோபம் பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி என்று என்னைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தது. பஸ் நேர அட்டவணை போடும் பிரிவில் எழுத்தர் வேலை.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மவராசா என்று ஒருவரும் இல்லை, கோப்புகள்தான் இருக்கின்றன. எங்கள் குடியிருப்புக்கு அதிகாலை வண்டி வேண்டும் என்று நான் எழுதியதற்கு, "அந்த நேரத்துல அங்க டிக்கெட்டே போகலையேம்மா" என்றார் அதிகாரி. இல்லாத பஸ்ஸில் எப்படி சார் டிக்கெட் போகும் என்று கேட்டேன். "சமூக சேவை பண்ணணும்னா ஞாயித்துக்கிழமை பண்ணு, ஆபீஸ்ல எதுக்கு?" என்று சிரித்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே நிறுத்தத்தில் நின்று, நடந்தே பிரதான சாலைக்குப் போகும் பெண்களை ஒவ்வொருவராக நிறுத்தி, பெயர், வேலை செய்யும் தெரு, போய்ச் சேரவேண்டிய நேரம் என்று நோட்டில் எழுதினேன். அந்த நோட்டை இணைத்து அனுப்பிய கோப்பு ஒருமுறை காணாமல் போனது. ஒருமுறை "படிக்க இயலவில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மூன்றாம் முறை தட்டச்சு செய்து கொடுத்தேன். ஐந்து பத்துக்கு ஒரு வண்டி வந்தது.

போன மாதம் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சீனு அண்ணன் கச்சேரி. மினுமினுக்கும் கோட்டு, நரைத்த கிருதா. மேடையைவிட்டு இறங்கியதும் ஓடிப்போய் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "பஸ் பாட்டா? அது நான் பாடுனதாம்மா?" என்று யோசித்தவர், "நீ பஸ் ஆபீஸ்லயா கீற? நம்ம மச்சானுக்கு கண்டக்டர் வேல எதுனா கீதா பாரேன்" என்றார். இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்தது இந்த ஆளையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் விண்ணப்பிக்கும் விவரத்தை எழுதிக் கொடுத்தேன். அவர் மறந்துபோனதால் அந்தப் பாட்டு செய்த வேலை செய்யாததாகிவிடுமா என்ன.

இன்று அந்தப் பாட்டு எங்கேயும் இல்லை. இணையத்தில் தேடியாகிவிட்டது, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த கடைகளையும் மூடியாகிவிட்டது. முழங்கால் போய் அம்மா வேலையை விட்ட பிறகுதான் ஐந்து பத்து வண்டி வந்தது. முதல் நாள் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, மயிலாப்பூர் வரைக்கும் கூட்டிப்போனேன். வழி முழுக்க, வேலைக்குப் போக ஏறிய பெண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோயில் குளத்தருகே இறங்கும்போதுதான் சொன்னாள்: "நல்லாத்தான் கீது. சாயங்காலம் இதுங்கல்லாம் திரும்பி வர்றதுக்கு இன்னா பண்ணிக்கீற?"