வடிகால் இல்லாத வரைபடம்

அந்த ரிப்போர்ட்டை எழுதியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். அதன்மேல் வேறொருவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அவரைப் பழிவாங்கினேன். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வருத்தம் தெரிவிக்க எழுதவில்லை.

தஞ்சாவூரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். சின்ன மென்பொருள் கம்பெனி. காவிரி டெல்டாவின் பாசன விவசாயிகள் சங்கங்கள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக எங்களிடம் வந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான். ஏதாவது ஒரு மதகை மூடினால் எந்தெந்த ஊருக்குத் தண்ணீர் நிற்கும் என்று உடனே தெரிய வேண்டும், அந்த ஊர்க்காரர்கள் போனுக்குச் செய்தி போக வேண்டும்.

இதற்குச் சாதாரண டேட்டாபேஸ் சரிப்படாது. கட்டம் போட்ட பட்டியலில் ஊர் பெயரை எழுதலாம், தண்ணீர் போகும் வழியை எழுத முடியாது. கிராஃப் டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு மதகும் ஒரு புள்ளி, ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு கோடு. ஒரு புள்ளியைத் தொட்டு, இங்கிருந்து கோடு பிடித்துப் போனால் எங்கெல்லாம் சேரலாம் என்று கேட்டால் சொல்லும். சர்வர் வாங்கிப் பராமரிக்க எங்களிடம் ஆள் கிடையாது. அதனால் கிளவுடில் வாடகைக்கு எடுப்பது, பராமரிப்பு அவர்கள் பொறுப்பு என்று முடிவானது. எந்தச் சேவையை எடுப்பது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது.

மூன்று சேவைகளைப் பார்த்தேன். கம்பெனிப் பெயர்கள் எதற்கு? நான் என் நோட்டில் வைத்த பெயரையே சொல்கிறேன். பெரிய கடை, தனிக்கடை, பெட்டிக்கடை.

பெரிய கடையில் எல்லாம் கிடைக்கும், கிராஃப்பும் அதில் ஒன்று. பேக்கப் தானாக எடுத்துக்கொள்ளும், ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று எழுந்து நிற்கும். ஆனால் யாரும் தொடாமல் கிடந்தாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தனிக்கடைக்காரர்களுக்கு கிராஃப் தவிர வேறு வியாபாரம் இல்லை. கேள்வி எழுதும் மொழி சுலபம், அதே மொழி வேறு இடங்களிலும் செல்லும். நாளைக்குப் பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம். விலைதான் கொஞ்சம் உறைக்கும். பெட்டிக்கடை மலிவு. வேலை இல்லாத நேரத்தில் தூங்கிவிடும், கூப்பிட்டால் எழுந்து வரும். சின்ன வரைபடத்துக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வேகம். அதன் மொழியோ அதற்கு மட்டும்தான் புரியும்.

இதெல்லாம் ரிப்போர்ட்டின் முதல் மூன்று பக்கம். நான்காம் பக்கம்தான் விஷயம்.

நான் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே வாய்க்கால் முடிகிற கடைமடையில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் நிறைய ஊர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் நேராக வராது. மேலே இருக்கிற ஊர்கள் பாய்ச்சி வடித்த தண்ணீர் வடிகாலில் வரும். அதைத்தான் நாங்கள் வயலுக்கு ஏற்றுகிறோம். அவர்களுடைய வடிகால் எங்களுடைய பாசன வாய்க்கால். அதோடு முடியாது. தண்ணீர் போதாத வருஷம் வடிகாலில் இன்ஜின் வைத்து, மேட்டில் இருக்கிற வாய்க்காலுக்கே திரும்ப இறைப்பார்கள். அது சுற்றிக்கொண்டு மறுபடி அதே வடிகாலுக்கு வரும். படத்தில் போட்டால் கோடு வட்டமடிக்கும்.

இந்த வட்டம்தான் சோதனை. தனிக்கடையிடம் கொடுத்தேன். ஒரு பாதையில் ஒருமுறை நடந்த கோட்டில் அது மறுபடி நடக்காது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. பெரிய கடையில், வந்த வழியே சுற்றாதே என்று ஒவ்வொரு கேள்வியிலும் நாம் எழுத வேண்டும். எழுதினால் ஒழுங்காக நடந்தது. பெட்டிக்கடை செக்குமாடு மாதிரி சுற்றியது. சுற்றிச் சுற்றி நேரம் முடிந்து, பதில் இல்லாமல் அறுந்துபோனது. ஆறு தடவை முயன்றேன். ஆறு தடவையும் அப்படித்தான். நான்காம் பக்கத்தில் இதை எழுதி, தனிக்கடையை எடுக்கலாம் என்று முடித்திருந்தேன்.

எங்கள் டீம் லீடர் அதைப் படித்தார். பாபநாசம் பக்கத்துக்காரர், நிலபுலன் உள்ள குடும்பம். அவர் ஊரில் ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். மடையைத் திறந்தால் தண்ணீர், மூடினால் இல்லை. வடிகால் என்றால் அவருக்கு மிச்சத்தைக் கொட்டுகிற இடம்.

"இந்த நாலாம் பக்கம் எதுக்கு?" என்றார்.

"வடிகாலையும் சேர்க்கணும் சார். அதுலதான் வட்டம் வருது."

"வடிகால்ங்கிறது தண்ணி வெளியே போற எடம்மா. போன தண்ணியைப் பத்தி நமக்கு என்ன கவலை?"

"உங்க ஊருக்குத்தான் சார் அது போன தண்ணி. எங்களுக்கு அதுதான் வர்ற தண்ணி."

அவர் நாற்காலியைத் திருப்பினார். மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "கடைமடைக்காரங்களோட இதே ரோதனைப்பா. வேலைக்கு வந்த எடத்துலயும் தண்ணி வரலைன்னு ஒரு பொலம்பல்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அடுத்த மேசையில் இருந்த பெண்ணும் சிரித்தாள், அவள் எங்களுக்குப் பக்கத்து மன்னார்குடிக்காரி. சிரித்துவிட்டு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மெயில் வந்தது. உங்கள் ஃபைலிலும் நான்காம் பக்கத்தை எடுத்துவிடவும். வடிகால் கோடுகளை டேட்டாவிலிருந்து நீக்கவும். பெட்டிக்கடை என்று முடிவு. கூடவே, முதலாளிக்கு அனுப்பிய மூன்று பக்க ரிப்போர்ட்டின் நகல். முகப்பில் அவர் பெயர் மட்டும். உள்ளே என் வாக்கியங்கள். நான் போட்ட ஒரு எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். அழவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அந்த ரிப்போர்ட் முழுசாக, நான்காம் பக்கத்தோடு, என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் வர வேண்டும். அதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

சொன்னபடி எல்லாம் செய்தேன். கோடுகளை நீக்கினேன், வடிகாலை மட்டும் நம்பிய ஊர்களும் அவற்றோடு போயின. நீக்கிவிட்டேன் சார் என்று பதில் மெயில் போட்டேன். நீக்கியதை எல்லாம் தனி ஃபைலாக மடிக்கணினியில் வைத்துக்கொண்டேன். பிறகு வாயைத் திறக்கவே இல்லை. முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அறைக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள். எனக்கு அறைக்குள் முடியக்கூடாது.

டெமோ ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். கூட்டமைப்புக்காரர்கள் அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். கடைமடைச் சங்கத்துக்காரர்கள் விடியும்முன் வேன் பிடித்து வந்திருந்தார்கள். முதலாளி முதல் வரிசையில். லீடர் புதுச் சட்டை. மடிக்கணினியோடு நான் புரொஜெக்டர் பக்கத்தில்.

நன்றாகத்தான் பேசினார். மூன்று சேவைகளையும் ஒப்பிட்டார். அந்த மூன்று பக்கத்தில் நான் எழுதியதை ஒரு வரி விடாமல் சொன்னார். பெட்டிக்கடை எவ்வளவு வேகம் பாருங்கள் என்று ஒரு மதகை மூடிக் காட்டினார். கண் இமைப்பதற்குள் இருபது ஊர் சிவப்பாக மாறின. கைதட்டினார்கள். முதலாளி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நான் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கேட்பார்கள் என்று தெரியாது. கேட்பார்கள் என்று தெரியும். சட்டை போடாமல் துண்டு மட்டும் போர்த்தியிருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"தம்பி, எங்க ஊர் எங்க இருக்கு?"

ஊர் பெயரைச் சொன்னார். லீடர் தேடினார். வரவில்லை. மறுபடி தட்டினார்.

"ஸ்பெல்லிங் மாத்திப் போட்ருப்பாங்க ஐயா."

"எங்க பக்கத்து ஊரைப் போடுங்க."

அதுவும் இல்லை. பின்வரிசையிலிருந்து ஆளுக்கொரு ஊராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். எதுவும் இல்லை. திரையில் படம் ஓரிடத்தில் வெட்டினாற்போல் நின்றிருந்தது. அதற்குக் கிழக்கே வெறும் வெள்ளை.

"அதுக்கு அந்தாண்ட கடல்னு நெனச்சுட்டியளா?" என்று ஒருவர் கத்தினார். கூடமே சிரித்தது.

"வடிகால்ல பாயுற ஊர்ங்க தம்பி நாங்க. வடிகாலே போடலையே நீங்க," என்றார் பெரியவர்.

லீடர் என் பக்கம் குனிந்தார். காதில் கேட்டார். "அந்த வடிகால் டேட்டா வச்சிருக்கியா?"

"இருக்கு சார். இப்பவே ஏத்தட்டுமா?"

ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான்காம் பக்கம் நினைவிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

"ஏத்து, ஏத்து. சீக்கிரம்."

ஏற்றினேன். கிழக்கே ஊர்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. பெரியவர் உட்கார்ந்தார். லீடர் மூச்சு விட்டார். அதே மதகை மூடினார். திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றியது. யாரோ இருமினார்கள். காபித் தட்டோடு வந்த அம்மா நடுவில் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு நேரம் முடிந்துவிட்டது என்று சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி சக்கரம்.

"நெட்டு ஸ்லோவா இருக்கு," என்றார்.

முதலாளி எழுந்துவிட்டார். "நெட்டா? என்னப்பா பிரச்சனை? சோதிச்சுப் பாக்கலையா?"

லீடர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"நீ சொல்லும்மா," என்றார்.

"எதை சார்?"

"நாலாம் பக்கத்துல எழுதியிருந்தியே."

"சத்தமா சொல்லுங்க சார். பின்னாடி கேக்கலை."

கழுத்துவரை சிவந்துவிட்டார். "இந்த ரிப்போர்ட் அவங்க எழுதினது. இந்தப் பிரச்சனையையும் எழுதியிருந்தாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

மைக்கில் சொன்னார். கூடம் முழுக்கக் கேட்டது. வேண்டியது கிடைத்துவிட்டது. உடம்பெல்லாம் சூடாக, நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டின்போது அந்தப் பெரியவர் என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"நீ எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"அட, நம்ம பக்கத்துப் புள்ளையா! அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுதான் கம்முனு இருந்தியா? நாங்க அம்புட்டுத் தூரத்துலேருந்து வேன் வச்சு வந்துருக்கோம். உங்க சண்டையை வேடிக்கை பாக்கவா?"

அவர் கேட்டது சரி. அந்த வேன் வாடகையையும் போன நாளையும் லீடரிடமிருந்து பிடிக்க முடியாது, அது அவர்களிடமிருந்துதான் போனது. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போதும் இன்னொரு தடவை வாய்ப்பு வந்தால் இதையேதான் செய்வேன் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து அதே கூடத்தில் மறுபடி கூட்டம். இந்தத் தடவை நான் பேச வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கடைமடைக்காரர்களுக்கு வேன் செலவைக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். மடிக்கணினியில் பக்கம் மாற்ற ஒரு ஆள் வேண்டும், லீடர் சார் உட்காரட்டும் என்றும் கேட்டேன். அதற்கு முணுமுணுக்கவில்லை.

மூன்று கடைகளையும் மறுபடி சொன்னேன். வட்டம் எப்படி வருகிறது என்று இன்ஜின் வைத்து இறைப்பதைச் சொல்லியே விளக்கினேன். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. தனிக்கடையில் மதகை மூடினேன். கிழக்குவரை ஊர்கள் சிவந்தன, பெரியவரின் ஊரும். அவர் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை. தனிக்கடையே இருக்கட்டும் என்று கூட்டமைப்பு முடிவு செய்தது.

நடுவில் மூன்று தடவை, "சார், ஒரு பக்கம் பின்னாடி போங்க," என்றேன். அவர் போனார். மூன்று தடவையும் ஏதாவது காட்ட வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து ஆட்கள் எழுந்துகொண்டிருந்தபோது நான்காவது தடவை சொன்னேன். காட்ட ஒன்றுமில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு பொத்தானை அழுத்தினார்.