வராதவர்களை எப்படி ஜெயிப்பது?

1. பட்டியல்

தேர்வுக் குழுவின் செயலாளர் நான்கு அணிகளின் பெயரையும் வாசித்து முடித்தார். நான்கும் நகரத்துக் கல்லூரிகள். ஐந்தாவதாக ஏதாவது பெயர் வருமா என்று முட்டாள் மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு எல்லாருக்கும் டீ சொன்னார்.

போடியில் ஒரு கலைக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளுக்கு பி.டி. மேடம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிதானமாக எழுதச் சொன்னார்கள். நிதானம் வரவில்லை, அதனால் கோபமாகவே எழுதுகிறேன்.

அது பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்துப் போட்டி. மொத்தம் இரண்டு மண்டலங்கள். நகரத்துக் கல்லூரிகள் நகர மண்டலம். போடி, தேவாரம் பக்கத்துக் கல்லூரிகள் மேற்கு மண்டலம். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் நாக்-அவுட்டுக்கு நான்கு அணிகளை ஒரு குழு தேர்ந்தெடுக்கும். பாயின்ட்டோடு 'அணியின் தரத்தையும்' பார்க்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரிக்குப் பின்னால் யானையையே ஒளித்து வைக்கலாம். குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் நகரம், மிச்சம் நான்.

அந்த வருடம் எங்கள் அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. நான்காவதாக வாசிக்கப்பட்ட அணி இரண்டு ஆட்டங்களில் தோற்றிருந்தது.

2. வாக்-ஓவர்

ஒவ்வொரு அணியும் தன் மண்டலத்தில் ஆடுவதோடு, அடுத்த மண்டலத்து அணிகளில் ஏதாவது இரண்டோடும் ஆட வேண்டும். குலுக்கலில் எங்களுக்கு இரண்டு ஆட்டமும் எங்கள் மைதானத்திலேயே விழுந்தன. முதலில் வர வேண்டியது, பிறகு பட்டியல் வாசித்தாரே, அதே செயலாளரின் அணி. அவர் ஒரு நகரக் கல்லூரியின் கோச்சும்கூட. ஆட்டத்துக்கு முதல் நாள் போன் செய்தார்.

"மேடம், பிள்ளைங்களுக்கு இன்டர்னல் டெஸ்ட் இருக்கு. அவ்வளவு தூரம் கூட்டிட்டு வர முடியாது. நீங்க வாக்-ஓவர் எடுத்துக்கங்க. மூணு பாயின்ட் சும்மா வருது, கசக்குதா?"

அவ்வளவு தூரமாம். நகரத்திலிருந்து போடிக்கு ரயிலே வருகிறது. மூணாறுக்கு டூர் போகும்போது எங்கள் ஊருக்குள் பஸ்ஸை நிறுத்தி ஏலக்காய் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். பந்து உதைக்க மட்டும் தூரமாகிவிடுகிறது.

இந்தக் கோபம் அன்றைக்கு எனக்கு வரவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம். மறுநாள் எங்கள் பிள்ளைகள் ஜெர்ஸி போட்டு வரிசையாக நின்றார்கள். ரெஃப்ரி கால் மணி நேரம் காத்திருந்து விசில் ஊதினார். ஆட்டம் எங்களுக்கு. எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

பாண்டீஸ்வரி மட்டும் வாங்கவில்லை. அவள்தான் எங்கள் நடுக்கள ஆட்டக்காரி, கடைசி வருட மாணவி. அவள் அம்மா விடியுமுன் ஜீப் பிடித்து போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இவளும் போவாள்.

"மேடம், அவுக வராட்டி என்ன? நம்ம அங்க போயி ஆடிட்டு வந்துருவம். ஒரு நா சோலிக்குப் போகாட்டி ஒண்ணும் ஆகாது."

"வர்ற பாயின்ட்ட வேண்டாங்குற ஆள இப்பத்தான் பாக்குறேன். போ ஆத்தா, போயி போண்டாவத் தின்னு."

ரெஃப்ரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு நகர அணி, பஸ் ரிப்பேர் என்றது. அதற்கும் போட்டேன்.

நாக்-அவுட்டில் ஆடுகிறவர்களிலிருந்துதான் பல்கலைக்கழக அணியை எடுப்பார்கள். அந்த அணியில் ஆடினால் ஃபார்ம் த்ரீ சான்றிதழ் கிடைக்கும். போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போக அது வேண்டும். பாண்டீஸ்வரி மூன்று வருடமாக ஓடியது அந்தத் தாளுக்காகத்தான்.

3. வராந்தா

தேர்வுக் கூட்டம் நகரத்தில் நடந்தது. மூன்று அணிகளை முடிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்காவது இடத்துக்கு எங்கள் அணியும் ஒரு நகர அணியும் மிஞ்சின. தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க காலேஜ் பத்திப் பேசறப்போ நீங்க உள்ள இருக்கக் கூடாதும்மா. விதி."

விதி சரிதான். எழுந்து போய் வராந்தாவில் உட்கார்ந்தேன். எங்கள் அணியைப் பற்றிப் பேச வேண்டிய ஒரே ஆள் வெளியே. எதிர் அணியின் மண்டலத்துக்காரர்கள் நான்கு பேரும் உள்ளே. அவர்கள் கல்லூரி அது இல்லையாம், அதனால் அவர்கள் நடுநிலையாம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கூப்பிட்டபோது பட்டியல் தயாராக இருந்தது. அதைத்தான் செயலாளர் வாசித்தார்.

டீ வந்தது. நான் தொடவில்லை.

"தோக்காத டீம விட்டுட்டு ரெண்டு தடவ தோத்த டீம எடுத்திருக்கீங்க. என்ன கணக்கு சார் இது?"

செயலாளர்தான் பதில் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க டீம் யாரை ஜெயிச்சிருக்கு? எல்லாம் உங்க மலையடிவாரத்து டீமுங்க. நகர மண்டலத்து டீம் ஒண்ணையாவது ஜெயிச்சிருந்தா நாங்களே எடுத்திருப்போம். ரெண்டும் வாக்-ஓவர். அதை வச்சு எப்படித் தரம் பாக்குறது?"

வாக்-ஓவர் கொடுத்தவரே அதைச் சொல்கிறார், அதுவும் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

"வராதவுகள எப்படி சார் ஜெயிக்கிறது? போன் பண்ணி எடுத்துக்கங்கன்னு சொன்னது நீங்கதான?"

"நான் கேட்டேன். நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டீங்க. மறு தேதி கேட்டிருக்கலாமே. விதியில இருக்கு."

இருக்கிறது. ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால் மறு தேதி கிடைக்கும். இருபது வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் புரட்டியதே இல்லை.

"சரி சார். நாளைக்கே கூட்டிட்டு வர்றேன். உங்க கிரவுண்டு, உங்க ரெஃப்ரி. அந்த நாலாவது டீமோட ஒரே ஒரு மேட்ச்."

"அட்டவணை பிரின்ட்டுக்குப் போயிடுச்சும்மா" என்றார் தலைவர்.

நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதே போயிருக்கிறது. கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கையெழுத்து இல்லாமலே பட்டியல் செல்லுபடியானது.

4. கடிதம்

அடுத்த வருடமும் அதே மனிதர் போன் செய்தார். இந்த முறை பிள்ளைகளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"நீங்க வர வேண்டாம் சார். நாங்க வர்றோம்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்?"

"சிரமப்படத்தான் சம்பளம் வாங்குறேன்."

பதினாறு பிள்ளைகளோடு ரயில் ஏறினேன். நகரத்தில் ஆடிய இரண்டு ஆட்டத்தில் ஒன்று தோல்வி, ஒன்று டிரா. குழு எங்களை நான்காவது அணியாக எடுத்தது. 'தரமான அணிகளோடு ஆடிய அனுபவம்' என்று குறிப்பில் எழுதினார்கள். தோற்காதபோது தராத இடத்தைத் தோற்ற பிறகு தந்தார்கள். அந்த அணியிலிருந்து ஒரு பெண் ஃபார்ம் த்ரீ வாங்கினாள். இன்று போலீஸில் இருக்கிறாள். அவள் நன்றாக ஆடுகிறவள்தான். பாண்டீஸ்வரி அவளை விட நன்றாக ஆடினாள்.

போலீஸ் தேர்வு அறிவிப்பு வந்த வாரம் பாண்டீஸ்வரி என் அறைக்கு வந்தாள். படிப்பு முடித்து, அம்மாவோடு தினமும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் காய்க் கறையில் கறுத்திருந்தன.

"மேடம், எங்க வருசம் நம்ம டீமு ஒரு மேட்ச்சும் தோக்கலன்னு காலேஜ் லெட்டர்பேடுல எழுதித் தருவீகளா?"

எழுதினேன். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"இதுக்கு மார்க்கு போடுவாகளா மேடம்?"

"போட மாட்டாக ஆத்தா."

"பரவால்ல, குடுங்க. வச்சுக்கிர்றேன். காலைல ஜீப்புக்கு வெரசா எந்திரிக்கணும், வர்றேன் மேடம்."

அந்தக் குழுவை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அவர்கள் செய்ததற்கு வேண்டிய தாளைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, சும்மா வருகிற மூன்று பாயின்ட்டை வாங்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் மைதானத்தில் இறக்குங்கள். தோற்றால் தோற்கட்டும். ஆடித் தோற்ற பிள்ளைக்கு நீங்கள் ஆறுதல் சொல்லலாம், ஆடவே விடாத பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் இன்னும் ஒன்றும் இல்லை.