உம்மல் குல்சுமின் குளம்

பொள்ளாச்சியில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் சமையல்காரருக்கு முன்பே உம்மல் குல்சுமுக்குச் சேதி வந்துவிடும். தேங்காய் மண்டிகளுக்கு நடுவே ஒரு சந்தில் அவளுடைய டிசைன் கடை. காதுகுத்து பேனரில் தாய்மாமன் தலை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியை எந்தெந்த மூலையில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலேஜில் படித்தது என்னவோ கணக்குப் பாடம். முகங்களை நெருக்கி அடுக்கும் வித்தையை இந்த நாற்காலியில்தான் கற்றாள். அவள் போட்ட பேனரைப் பார்த்து இதுவரை யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு சனிக்கிழமை காலையில் வர்ஷினியும் நிதீஷும் சுருட்டிய சார்ட்டோடு வந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் எட்டாவது. ஆறுகளையும் குளங்களையும் காப்பது பற்றி தாலுகா அளவில் ஒரு கண்காட்சி. பள்ளியின் போஸ்டரைச் சாயங்காலத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். சார்ட்டை விரித்தால் அவர்கள் ஊர்க் குளம். கரையில் புளியமரம், வாலை மட்டும் வெளியே விட்டு முங்கிக் கிடக்கும் எருமை, மீதியெல்லாம் தண்ணீர். ஃப்ளெக்ஸ் கூடாது, காகிதத்தில்தான் வேண்டும் என்று வர்ஷினி கறாராகச் சொன்னாள். கிழிந்த ஃப்ளெக்ஸெல்லாம் கடைசியில் எங்கள் குளத்துக்குத்தானே வருகிறது என்றாள். குல்சும் மூலையில் நின்ற ஃப்ளெக்ஸ் உருளையை இன்னும் ஓரமாகத் தள்ளிவிட்டு, காகிதச் சுருளை எடுத்தாள்.

மூன்று பேருமாக உட்கார்ந்து ஸ்கேன் செய்தார்கள், பெரிதாக்கினார்கள், நீலத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினார்கள். 'குளத்துல மண்ணு கொட்டாதீங்க' என்ற வரியை எருமைக்கு மேலே வைக்கச் சொன்னது நிதீஷ். முகமே இல்லாத ஒரு வேலை கைக்கு வந்து எத்தனை காலமாயிற்று என்று குல்சும் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வெள்ளியங்கிரி வந்தார். வர்ஷினியின் பெரியப்பா, தேங்காய் வியாபாரி. போஸ்டர் செலவு அவருடையது. அவர் வகையறாவின் கோயில் நோம்பி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பேனர் இந்தக் கடையில்தான்.

படம் அவருக்கு ரொம்பவே பிடித்துப்போனது. கீழே ஹெட்மாஸ்டர் போட்டோ மட்டும் ஒன்று வைத்துவிடலாம் என்றார். அவரை வைத்தால் கவுன்சிலரை விட முடியாது. கவுன்சிலர் கும்பிட்டபடி இருப்பதால் இரண்டு ஆள் இடம் போயிற்று. பிறகு பள்ளிக் கமிட்டிக்காரர்கள், பிறகு வெள்ளியங்கிரியே, பிறகு அவர் மாமன். குல்சும் ஏற்றிக்கொண்டே வந்தாள். புளியமரம் போனது. எருமை போனது. வர்ஷினியின் மூக்கு சிவந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த வகையறாவே எதிர்க்கடைக்குப் போய்விடும். குல்சும் அதையும் யோசித்தாள், பிள்ளையின் மூக்கையும் பார்த்தாள். பிறகு அவர் சொன்னதைச் சொன்னபடியே, ஒருவரையும் விடாமல், சின்னத் தாளில் மாதிரி அச்சு ஒன்று எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

வெள்ளியங்கிரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார்.

"ஏனுங் அம்மணி, கொளம் எங்கீங்க?"

"உங்க மாமனுக்கும் கவுன்சிலருக்கும் நடுவுல நீலமா ஒரு கோடு தெரியுது பாருங்ண்ணா. அதுதானுங்க."

"இத்துணூண்டுதானா?"

"எல்லாருஞ் சேந்து கொளத்த ஆக்கிரமிச்சுப்போட்டமுங்ண்ணா."

சொன்ன பிறகுதான் அவளுக்கு எதிர்க்கடை ஞாபகம் வந்தது. நிதீஷ் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கடியில் குனிந்தான். வெள்ளியங்கிரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் முதலில் குலுங்கிற்று, சத்தம் பிறகுதான் வந்தது.

"அப்பக் காலி பண்ணுங்க."

"மொதல்ல யாரைங்ண்ணா?"

"எம்பட மாமனைத் தூக்குங்க. அவுரு எங்க இருந்தாலும் எடைஞ்சல்தான்."

ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கமிட்டிக்காரர்கள் போனதும் எருமையின் வால் தெரிந்தது. கடைசியில் வெள்ளியங்கிரி மட்டும் தண்ணீருக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். ஓரமாக, கரைமேல், சின்னதாக ஒரு பட்டா கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார். வர்ஷினி மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் கையை விரித்துக் காட்ட, குல்சும் அவரையும் எடுத்தாள்.

அச்சுக்குக் கொடுக்கப் போகையில் வெள்ளியங்கிரியின் போன் அடித்தது. கவுன்சிலர்தான், தன் படம் போஸ்டரில் வருகிறதென்று யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். குல்சுமின் விரல் சுட்டியின் மேல் அப்படியே நின்றது. கவுன்சிலர் கேட்டால் இந்த மனிதர் பேச்சை மாற்றிவிடுவாரோ?

வெள்ளியங்கிரி வாசலுக்குக்கூடப் போகவில்லை. அவள் முன்னாலேயே நின்று பேசினார்.

"ஆமாங்க, இருந்தீங்க. கொளத்துக்குள்ள இருந்தீங்க, அதான் எடுத்துப்போட்டமுங்க... கோவிச்சுக்காதீங்க, எம்படதும் போயிருச்சு. நாளைக்கு வந்து பாருங்க, எருமை அத்தன ஜோராக் கெடக்குது."

குல்சும் பொத்தானை அழுத்தினாள். பிரிண்டரிலிருந்து முதலில் புளியமரம் வந்தது; பிறகு வெகுநேரம் தண்ணீர்.