கூரையில் தொங்கிய கூறைச் சேலை

யார் எதைக் கேட்டாலும் ஓம் என்றுவிடுவார் யோகலிங்கம். அவர் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பூங்காவில் இலை கூட்டி, தொண்ணூறுகளின் நடுவில் எசன் நகருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில், மூடிக்கிடந்த நிலக்கரிச் சுரங்கத்தின் குளிப்பு மண்டபத்துக்குக் காவலாளானார். ஊர் வரலாற்றுச் சங்கம் அதை அருங்காட்சியகமாக்கிக்கொண்டிருந்தது.

அந்த மண்டபத்தின் விசேஷமே சங்கிலிகள்தான். சுரங்கத்துக்குள் இறங்குமுன் தொழிலாளர்கள் உடுப்பைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்துக் கூரைவரை ஏற்றி, கீழே பூட்டிவிட்டுப் போவார்களாம். மேலே நல்ல காற்று.

தமிழர் வீடுகளிலோ தாளித்த மணம் பெரிய தலையிடி. யன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் வெங்காயம். யோகலிங்கம் மனைவி கமலநாயகியின் கலியாணக் கூறைச் சேலையை இரகசியமாக ஏற்றிப் பார்த்தார். துளி மணமில்லாமல் இறங்கியது. பிறகென்ன? "அண்ணை, என்ரையையும் ஒருக்கா ஏத்திவிடுங்கோ" என்று சனம் திரண்டது. கூரை இருட்டு முழுக்கப் பட்டுச் சேலைகள், நடுவில் கமலநாயகியின் கூறையும்.

திறப்பு விழாவுக்கு முன் எல்லாவற்றையும் இறக்கத்தான் நினைத்தார். "நாளைக்குக் கலியாணம், வீட்டிலை பலகாரம் சுடுகினம், விழா முடியட்டும் அண்ணை" என்றார்கள். அதற்கும் ஓம். மேயர் இழுக்கப்போவது முதலாம் சங்கிலி, அதில் பழைய சுரங்க உடுப்புத்தானே தொங்குகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மேயரோ முதலாம் சங்கிலியைக் கடந்து போனார். அவர் ஏழாம் திகதி பிறந்தவராம். "ஏழாம் சங்கிலியைத் திறவுங்கள்!"

ஏழாவதில் தொங்கியதோ சேலை. இந்த வேலை போனால் மறுபடி கோப்பை கழுவத்தான். ஆனாலும் யோகலிங்கம் அதற்கும் ஓம் என்று திறப்பை நுழைத்துப் பூட்டைத் திறந்தார்.

"இதோ, கரித்தூசு படிந்த உழைப்பின் உடை!" என்று சங்கத் தலைவர் ஹைன்ட்ஸ் முழங்க, சரிகை மின்ன இறங்கியது கமலநாயகியின் அரக்குச் சிவப்புக் கூறை.

யோகலிங்கம் வெங்காயம் உட்பட உண்மையைக் கக்கிவிட்டார். முன்வரிசையில் இருந்த கிழட்டுத் தொழிலாளி ஒருவர் தொடையில் அடித்துச் சிரித்தார்.

"டாக்டர் வேண்டாமென்ற இறைச்சிச் சொசேஜை நான் மனைவிக்குத் தெரியாமல் இங்கேதான் தொங்கவிட்டேன்!"

மேயரும் சிரித்தார். வேலை தப்பியது.

அடுத்த கிழமை மண்டப வாசலில் ஹைன்ட்ஸ் தன் கறுப்புக் கோட்டுடன் நின்றார். வீட்டில் மீன் பொரிக்கிறார்களாம். அவருக்குப் பின்னால் பாதி ஊர் கோட்டும் கையுமாக நின்றது. யோகலிங்கம் எல்லோருக்கும் ஓம் சொன்னார். கொக்கி போதாமல், ஹைன்ட்ஸின் கோட்டைக் கூறைச் சேலையோடு சேர்த்தே மாட்டினார்.

சாப்பாடு கொண்டுவந்த கமலநாயகி அந்தக் கோட்டை மோந்து பார்த்தாள்.

"இந்த மீன் மணம் என்ரை கூறையிலை ஏறட்டும், உங்களையும் இந்தக் கொக்கியிலைதான் ஏத்துவன். பூட்டிப்போட்டுத் திறப்பையும் கொண்டுபோவன்."