தனம் படிக்க மறுத்த கதை

தனத்தின் குரலைத் திருடியவள் நான்தான். கம்பெனி இல்லை, இயந்திரம் இல்லை... நான்!

ஒலிக்கதைச் செயலியில் என் தொடர்களைக் கேட்டிருப்பீர்கள். எழுதுவது நான். படிப்பவள், நூம்பலில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்வீட்டில் இருக்கும் தனம். என் எழுத்துக்காகவா கேட்டீர்கள்? கதை கிடக்கட்டும், அந்தக் குரலே போதும் என்றுதானே எழுதித் தள்ளினீர்கள்! எனக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு அந்தச் செயலியில் கணக்குத் தொடங்கிக் கொடுத்ததும் நான்தான். போனை அப்படியே என் கையில் திணித்தாள்.

"ஓடிபி வந்துகீது பாருக்கா. நீயே பாத்துப் போட்டுக்கோ."

நிபந்தனைகளில் ஒரு வரி இருந்தது. இயந்திரம் அவள் குரலைக் கற்றுக்கொள்ளும்; பிறகு எந்தக் கதையையும் அதே குரலில் சொல்லும். அவளிடம் சொன்னேனா? இல்லை. படித்துவிட்டுத்தான் சம்மதம் என்று தட்டினேன்!

சென்ற ஆண்டு, ஏரியில் மகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியின் கதையை எழுதினேன். கையை நான்தான் விட்டேன் என்று அவள் கதறுவாள். தனத்தின் மகளும் ஏரியில் மூழ்கியவள்தான். தெரிந்தேதான் எழுதினேன்... அழவைத்தால்தானே நீங்கள் வருகிறீர்கள்!

"வேற எது வேணா குடுக்கா, படிக்கிறேன். இது என் வாயால வராது." கையெடுத்துக் கும்பிட்டாள்.

சரி என்றேன். அவள் படியிறங்கியதும் கதையை இயந்திரத்திடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தனம் பேசினாள், விம்மலோடு! அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டாமா? வெளியிட்டேன்.

இதயம் இதயமாக அனுப்பினீர்கள். குப்பையில் கொண்டுபோய்க் கொட்டுங்கள் அவற்றை!

தனத்தின் கணவர் ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறார். சவாரிக்கு ஏறிய பெண் ஒருத்தி அந்தக் கதையைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அன்று அவர் போட்ட கூச்சல் எங்கள் மாடிவரை வந்தது.

"நம்ம பொண்ணு செத்தத காசுக்கு வித்துட்டியாடி?"

"சத்தியமா நான் படிக்கலய்யா!"

"உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

இறங்கிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம்... ஜன்னலைச் சாத்தினேன். மறுநாள் தனத்திடம், கம்பெனிக்காரன் யாரையும் கேட்காமல் செய்துவிட்டான் என்றேன். அப்பாவி, நம்பினாள்! கதையை நீக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதினேன். உரிமை அவர்களுடையதாம், நீக்க மாட்டார்களாம். அந்தச் சம்மதத்தைக் கொடுத்தவளும் நான்தானே!

ஏழுமலை இப்போது அவளோடு பேசுவதில்லை. சோற்றை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். நேற்று தனம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னா அந்தாளு நம்ப மாட்டேங்கறாரு. நீ படிச்சவ. அது நான் இல்லன்னு அவராண்ட ஒரு வார்த்த சொல்லேன்க்கா."

சொல்லலாம். சொன்னால், கம்பெனிக்குச் சம்மதம் கொடுத்தது யார் என்று கேட்பாரே!

"சொல்றேன் தனம்" என்றேன். இன்னும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் இத்தனையும் கொட்டுகிற வாய், பின்வீட்டுக்காரரிடம் மட்டும் திறக்க மறுக்கிறது... த்தூ!